பம்பு மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்குதல்

கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள குடியானவர்களுக்கு நேரிடும் தொல்லைகளுள், அகாலத்தில் மோட்டார் கொட்டகைக்குப் போய் வருவது முக்கியமான ஒன்றாகும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் இடங்களில், அது நள்ளிரவில் வரினும் விடியற்காலையில் வரினும் எழுந்து சென்றாலன்றிப் பயிருக்கு நீர் கிடையாது. வீடு ஊருக்குள்ளும் கிணறு காட்டின் நடுவிலும் இருப்பது அநேக கிராமங்களில் காணும் வழக்கம். வரப்பு வழியே இருளில் நடக்கும்போது கண்ணாடி விரியன், கட்டு விரியன் முதலிய விஷப் பாம்புகளை மிதிக்க நேரிடுகிறது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டரைத் தொடுவதால் மின்சாரம் தாக்கவும் கூடும். இவற்றைத் தவிர்க்கும் பொருட்டு, மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகள் இப்பொழுது சிறு பட்டணங்களிலும் கிடைக்கின்றன. அவை வேலை செய்யும் விதத்தையும், அவற்றால் விளையும் நன்மை தீமைகளையும் அறிந்து உபயோகிப்பது அவசியம்.

கவலையிலிருந்து பொத்தான் வரை

கவலை பூட்டி நீரிறைத்த காலத்தில், மாடு ஓட்டுபவர் கிணற்றடியிலும், நீர் பாய்ச்சுபவர் வயலிலும் இருந்தே தீர வேண்டும். கிணற்றில் நீர் குறைந்தால் சால் நிரம்பாமல் வருவதைக் கொண்டு உடனே அறிந்து கொள்வர். மடை உடைந்தால் வயலில் இருப்பவர் கூவுவார்; மாடுகள் நிறுத்தப்படும். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், கோயமுத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் மின்சார மோட்டார்கள் பரவலாயின. இன்று தமிழ்நாட்டிலுள்ள விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேற்பட்டவை. மோட்டார் வந்ததும், இறைப்பு முடியும்வரை கிணற்றடியில் ஆள் நிற்க வேண்டிய அவசியம் நீங்கியது. எனினும் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் அழுத்துவதற்காக மட்டும் ஒருவர் அங்கே போய் வர வேண்டியிருந்தது. அந்த நடையையே தொலை இயக்கம் மிச்சப்படுத்துகிறது.

தொலை இயக்கம் என்பது நேற்று முளைத்த வித்தையன்று. 1898-ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி, நியூயார்க் நகரத்தில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில், தொட்டி நீரில் மிதந்த ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பு யாதுமின்றி ரேடியோ அலைகளால் ஓட்டியும் திருப்பியும் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி அதற்குக் காப்புரிமையும் பெற்றார். படகில் இருந்தது ஒரு சிறு மோட்டாரே. அலை வந்ததும் ஸ்விட்சு ஒன்று மூடிக்கொண்டு மின்சாரத்தைச் செல்லவிட்டது. இன்று கிணற்றடியில் உள்ள கருவியும் இதே தத்துவத்தைக் கொண்டதாகும்.

மூவகைச் சாதனங்கள்

வீடுகளில் டெலிவிஷன் பெட்டிக்கு உபயோகிக்கும் ரிமோட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டி ஆணையை அனுப்புகிறது. இவ்வொளி சுவரை ஊடுருவாது. சில கஜ தூரத்துக்கு மேல் பயன் தராது. ஆகவே கிணற்று வேலைக்கு இது உதவாது.

இரண்டாவது வகை, ரேடியோ அலையினால் இயங்கும் ரிமோட். இது சுவரையும் மரங்களையும் ஓரளவு தாண்டிச் செல்லும். சாதாரணமானவை சில நூறு அடிக்கும், நல்ல ஆன்டெனா உள்ளவை தடையற்ற வெளியில் அதற்கு மிகுந்த தூரத்துக்கும் வேலை செய்யும். தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்போருக்கு இது ஏற்றது. மாதந்தோறும் கட்டணம் கிடையாது.

மூன்றாவது வகை கைபேசி ஸ்டார்ட்டர். ஊரில் இருந்தாலும் சந்தைக்குப் போயிருந்தாலும், கைபேசிக்கு அலை கிடைக்கும் எவ்விடத்திலிருந்தும் இதனைக் கொண்டு மோட்டாரை ஓட்டலாம். புணே நகரத்தைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்னும் பொறியாளர், ‘நானோ கணேஷ்’ என்ற கருவியை அமைத்து, இம்முறையைக் குடியானவர்களிடையே பரப்பியவர்களுள் ஒருவராவார். இப்பொழுது பல கம்பெனிகள் இத்தகைய கருவிகளைச் செய்து விற்கின்றன.

கைபேசி ஸ்டார்ட்டர் வேலை செய்யும் விதம்

கருவிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். குடியானவர் அந்த எண்ணுக்குப் போன் செய்ததும் கருவி தானே அழைப்பை ஏற்று, மும்முனை மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் குரலாலோ சத்தக் குறிகளாலோ அறிவிக்கும். பின்னர்க் கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். வேறோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். கைபேசியின் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஓசைகளை ஒருங்கே எழுப்புகிறது. உதாரணமாக, 1 என்னும் பொத்தானை அழுத்தினால் விநாடிக்கு 697 அதிர்வுள்ள ஓசையும், 1,209 அதிர்வுள்ள ஓசையும் சேர்ந்து எழும். கருவி இவ்விணையைப் பிரித்தறிந்து ரிலே என்னும் சிறு ஸ்விட்சை மூடுகிறது. பச்சைப் பொத்தானை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக, அவ்வேலையை ரிலே செய்கிறதென்று கொள்ளலாம்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. “மோட்டார் ஓடுகிறது” என்று கருவி சொல்லும்போது, மோட்டாருக்கு மின்சாரம் செல்கிறது என்பதே அதன் பொருள். குழாயில் நீர் வருகிறதா, அது வாய்க்காலில் போகிறதா, பக்கத்து நிலத்தில் வீணாகிறதா என்பதைக் கருவி அறியாது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்னும் பழமொழி கைபேசிக் காலத்திலும் பொய்க்கவில்லை. நடை மிச்சமாவது லாபம். பார்வையும் நின்றுபோனால் அந்த லாபத்துக்கு மேல் நஷ்டம் வந்துவிடும்.

நீரற்ற ஓட்டமும் முனைக் குறைவும்

நீர்மூழ்கி மோட்டாரைக் குளிரச் செய்வது அதைச் சூழ்ந்துள்ள நீரே. நீர்மட்டம் இறங்கிய பின்னும் ஓடினால் சூடேறி, சுருள்கள் கருகிப்போகும். அருகில் ஆள் இருந்தால் குழாயில் காற்றுக் கலந்து வருவதைக் கண்டு நிறுத்திவிடுவார். தொலைவில் இருப்பவருக்கு இது தெரியாது. ஆகவே நீரற்ற ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாத தொலை இயக்கக் கருவியை வாங்கலாகாது. பம்புக்குள் நீர் இல்லாதபோது மோட்டாரின் பாரம் குறைந்து, அது இழுக்கும் மின்சாரமும் குறையும். அதை அறிந்து மோட்டாரை நிறுத்துவதே இவ்வமைப்பின் வேலை. கிணறு ஊறும்வரை பொறுத்திருந்து மீண்டும் ஓட்டும் வசதியும் சிலவற்றில் உண்டு.

இவ்வாறே மும்முனையில் ஒரு முனை அற்றுப்போனால், மற்ற இரு முனைகளிலும் மின்சாரம் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்து மோட்டாரை எரித்துவிடும். முனைக் குறைவைத் தடுக்கும் அமைப்பும் கருவியில் இருத்தல் வேண்டும். இரண்டு முனைகளில் மோட்டாரை ஓட்டுவதற்காகக் கண்டென்சர் வைத்து இணைத்துள்ள இடங்களில், இப்பாதுகாப்பு சரியாக வேலை செய்யாது என்பதையும் மறத்தலாகாது.

தானே ஓடும் ஸ்டார்ட்டரால் நேரும் தீங்கு

மின்சாரம் வந்தவுடன் யாரும் ஏவாமலே மோட்டாரை ஓட்டிவிடும் ‘ஆட்டோ’ அமைப்பைப் பலர் விரும்புகின்றனர். இதனால் ஊருக்கே நேரும் தீங்கைச் சிறு கணக்கால் அறியலாம். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று ஓடும்போது சுமார் 7½ ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் அது கிளம்பும் கணத்திலோ சுமார் 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர் இழுக்கும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தாங்குவது சுமார் 85 ஆம்பியர். அதில் இணைந்த 10 மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால், ஓடும்போது மொத்தம் 75 ஆம்பியரே ஆகும். டிரான்ஸ்பார்மர் தாங்கிக் கொள்ளும். பத்தும் ஒரே கணத்தில் கிளம்பினால் 450 ஆம்பியர் வேண்டியிருக்கும். மின்னழுத்தம் வீழ்ந்து மோட்டார்கள் முனகும், பியூஸ் போகும், டிரான்ஸ்பார்மருக்கே சேதம் நேர்ந்தால், அது மாற்றப்படும்வரை அத்தனை பேரின் பயிரும் வாடும்.

ஆட்டோ அமைப்பை உபயோகித்தே தீர வேண்டியவர்கள், மின்சாரம் வந்து சில நிமிஷம் கழித்து மோட்டார் ஓடுமாறு வைத்துக் கொள்ள வேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி, ஒருவர் 2 நிமிஷம், அடுத்தவர் 4 நிமிஷம், மற்றவர் 6 நிமிஷம் என்று ஏற்பாடு செய்து கொண்டால் எவருக்கும் நஷ்டமில்லை.

நேரக் கணக்கு

தொலைவிலிருந்து ஓட்டுபவர், எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதற்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்றே போதும். குழாய் நீரைப் பீப்பாயில் விட்டு, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பார்க்க வேண்டும். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். மணிக்கு 18,000 லிட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டச் சுமார் 2,02,000 லிட்டர் வேண்டும். ஆகவே வாய்க்கால் கசிவு நீங்கலாக, 11¼ மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கினால் வரத்தும் குறையும். ஆதலால் பருவத்துக்கு ஒருமுறை இவ்வாறு அளந்து கொள்வது நலம். இக்கணக்கின்படி, குறித்த நேரத்தில் மோட்டார் தானே நிற்குமாறு கருவியில் அமைத்துவிட்டால், தூங்கிப் போவதால் நீர் வீணாவதும், கிணறு வறள்வதும், மேலுரம் கரைந்தோடுவதும் தவிர்க்கப்படும்.

உயிருக்கு ஆபத்து நேராதிருக்க

கொட்டகையில் நின்று ஓட்டுபவர், கிணற்றில் எவரும் இல்லை என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே பொத்தானை அழுத்துகிறார். வீட்டிலிருந்து ஓட்டுபவருக்கு அது இயலாது. மெக்கானிக் குழாயைக் கழற்றிக் கொண்டிருக்கலாம். சிறுவர்கள் கிணற்றில் நீந்திக் கொண்டிருக்கலாம். பட்டை மாட்டிய பம்பின் அருகில் ஒருவர் துணியோடு நிற்கலாம். அண்ணன் கிணற்றில் இறங்கியிருப்பதை அறியாமல், தம்பி வெளியூரிலிருந்து போன் செய்துவிடவும் கூடும். ஆகையால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொருவரும் தவறாது அனுசரிக்க வேண்டும்.

1. மோட்டாரையோ, ஸ்டார்ட்டரையோ, குழாயையோ தொடுமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். மூன்று பியூஸ் கேரியர்களையும் கழற்றி, வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக் கொள்ள வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தியது போதாது; கருவி மறுபடியும் ஓட்டிவிடும்.

2. கருவியை ஏவும் கைபேசி எண்கள் இரண்டு மூன்றுக்கு மேற்படலாகாது. பதிவு செய்யாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஏற்காத கருவியையே வாங்க வேண்டும். இன்றேல் தவறி வந்த அழைப்பும் மோட்டாரை ஓட்டிவிடும்.

3. “இந்த மோட்டார் எந்த நேரத்திலும் தானே ஓடும்” என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகையைக் கிணற்றடியிலும் கொட்டகைக் கதவிலும் மாட்ட வேண்டும்.

4. பட்டையும் சக்கரமும் உள்ள பம்புகளுக்குக் கம்பிவலைக் காப்பு அமைக்க வேண்டும். கருவிக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மண்ணிணைப்பு இருத்தல் அவசியம்.

வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

தோட்டத்தில் எந்தக் கம்பெனியின் அலை நன்கு கிடைக்கிறதென்று கிணற்றடியில் நின்று பார்த்த பிறகே சிம் அட்டை வாங்க வேண்டும். சில கருவிகள் 2ஜி அலையில் மட்டும் வேலை செய்பவை. எல்லாக் கம்பெனிகளும் 2ஜி சேவை அளிப்பதில்லை. சிம் அட்டையின் தவணை முடிந்துவிட்டால் கருவி ஊமையாகிவிடும். ஆதலால் தவணை முடியும் தேதியைக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். பழைய பொத்தான்களைக் கழற்றி எறிந்துவிடாமல், கருவி பழுதுற்றபோது கையால் ஓட்டவும் வசதி வைத்துக் கொள்வது நலம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் அளித்து வந்துள்ளது. தொகையும் நிபந்தனைகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாதலால், அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

இரவில் பாம்புக்கும் மின்சாரத்துக்கும் அஞ்சி நடந்த நடை, இக்கருவியால் நின்றுபோவது பெரிய அநுகூலமே. மிச்சமான அந்த நேரத்தில் பகலில் ஒருமுறை வாய்க்காலையும் மடையையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் சுற்றிப் பார்த்து வருபவருக்கு, கருவிக்காகச் செலவிட்ட பணம் வீண் போகாது.