கேபிள் வந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் எங்கே?

டெல்லியில் 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒரு பெரிய முடிவெடுத்தது: நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கேபிள். இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்பதுதான் அன்றைய கணக்கு. 2015-ல் திட்டத்தின் பெயர் பாரத்நெட் ஆனது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் பிடித்துச் சேர்க்கும் நிதிதான் இதற்கு ஆதாரம். கடைசியில் அது நாம் போடும் ரீசார்ஜ் காசு.

எத்தனை கிலோமீட்டர் இழுத்தார்கள், எத்தனை ஊராட்சி முடிந்தது என்றே இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இழுத்த கேபிள் நேற்று வேலை செய்ததா, இன்று செய்கிறதா என்று கேட்கத்தான் ஆளில்லை.

கேபிள் அறுவது அதிசயமில்லை. சாலையை அகலப்படுத்த ஜேசிபி வரும். குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் விழும். தமிழ்நாட்டில் பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் மேல் போகிறது. ஒரு பெருங்காற்றுக்கு மரக்கிளை முறிந்தாலே போதும், ஊராட்சி அலுவலக மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு வந்தவரை, ‘நெட் இல்லைங்க, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். எத்தனையாவது நாளை என்பதுதான் கேள்வி.

அறுந்ததை ஒட்டுவது நுணுக்கமான வேலை. இழையின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய தலைமுடி அளவு. ஒளி ஓடுவது அதன் நடுவே 9 மைக்ரான் அகலத்தில். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேர்வாக்கில் வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் இரு முனைகளையும் எதிரெதிரே வைத்தால், மின்பொறி ஒன்று கண்ணாடியை உருக்கி ஒட்டும். முன்பே மாட்டிவைத்த ஸ்லீவை ஒட்டின் மேல் நகர்த்திச் சூடாக்கினால் முடிந்தது. கை பழகியவருக்கு ஓர் இழைக்குச் சில நிமிடம்தான். எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று சொல்லவும் கருவி இருக்கிறது. கருவியும் ஆளும் மாவட்டத் தலைநகரில் இருப்பதால்தான் சில நிமிட வேலைக்குச் சில வாரம் ஆகிறது.

முதல் கட்டத்தில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றை வழி. நடுவில் அறுந்தால் அதற்கப்பால் இருக்கும் ஊர்களெல்லாம் இருட்டு. திருத்திய திட்டத்தில் கேபிள் வளையமாக வருகிறது, ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் வழி உண்டு. பத்தாண்டுப் பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனாலும் ஒப்பந்தத் தாளில் பராமரிப்பு இருப்பது வேறு, கூப்பிட்ட குரலுக்கு ஊரில் ஆள் இருப்பது வேறு.

எல்லார் கையிலும் 4ஜி போன் இருக்கும்போது ஃபைபர் எதற்கு என்பாரும் உண்டு. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடம் பார்க்க அந்த சிக்னல் தாங்காது.

மேல்நிலைத் தொட்டி கட்டிய ஊராட்சியில் மோட்டார் போட ஆபரேட்டர் இருக்கிறார். தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்கே தெரியும். நெட்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இல்லாத ஒன்றியம் எது? ஒன்றியத்துக்கு ஒரு ஸ்பிளைசிங் மெஷின், பயிற்சி பெற்ற நான்கு உள்ளூர்ப் பிள்ளைகள், மாதம் தவறாமல் சம்பளம். லட்சம் கோடியில் இது ஒரு துளி.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். போன மாதம் நம் ஊரில் நெட் எத்தனை நாள் இருந்தது? அறுந்தால் யாருக்குப் போன் போடுவது? எத்தனை மணி நேரத்தில் வருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.