மருத்துவக் கனவும் மாணவர் அறிய வேண்டியவையும்

மேலைநாடுகளில் கோடை விடுமுறை தொடங்கியதும், மருத்துவத் துறையை நாடும் மாணவர்கள் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சில வாரங்களைக் கழிப்பது வழக்கமாகியுள்ளது. அங்கு அவர்கள் சிகிச்சை அளிப்பதில்லை. வைத்தியருக்குப் பின்னால் நின்று பார்க்கின்றனர். தாதியரின் பணியை அவதானிக்கின்றனர். முதியவர் ஒருவருக்கு உணவூட்ட உதவுகின்றனர். தாம் தேர்ந்தெடுக்கவிருக்கும் தொழில் எத்தகையது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதே இதன் நோக்கமாகும்.

பிரித்தானியாவில் மருத்துவ பீடங்கள் நேர்முகத் தேர்வின்போது இவ்வனுபவத்திலிருந்து மாணவர் கற்றுக்கொண்டது என்ன என்று வினவுகின்றன. பெயர்பெற்ற வைத்தியசாலையில் நின்றவருக்கு மாத்திரமன்றி, முதியோர் இல்லத்தில் பணிபுரிந்தவருக்கும் அங்கு மதிப்புண்டு. வாய்ப்புக் கிட்டாத மாணவர்களுக்கென அந்நாட்டுப் பொது மருத்துவர்களின் றோயல் கல்லூரி இணையவழிக் காணொளிகளையும் வழங்கிவருகின்றது.

எமது நாட்டின் நிலைமை வேறு. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பெறும் இஸட் புள்ளியே 2001 ஆம் ஆண்டு முதல் அரச மருத்துவ பீட அனுமதியைத் தீர்மானித்து வருகின்றது. நேர்முகத் தேர்வு இல்லை. செல்வாக்குக்கு இடமளிக்காத இம்முறையை மாற்ற வேண்டுமென நாம் கூறவில்லை. ஆயினும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சிறந்து விளங்கும் மாணவர், நோயாளியின் அருகில் ஒருநாளேனும் நிற்காமலேயே ஐந்தாண்டுப் படிப்பையும் அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் ஏற்றுக்கொள்கிறார் என்பதை மறுக்கவியலாது.

இதில் இன்னொரு சமமின்மையும் மறைந்துள்ளது. வைத்தியரின் பிள்ளைக்கு வைத்தியசாலை வாழ்வு வீட்டிலேயே தெரியும். இரவுக் கடமையின் களைப்பையும் மரணத்தை உறவினருக்கு அறிவிக்கும் வேதனையையும் அப்பிள்ளை உணவு மேசையிலேயே கேட்டறிகிறது. முல்லைத்தீவின் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ, நுவரெலியாவின் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ அந்த அறிமுகம் இல்லை. மாவட்ட ஒதுக்கீடு அவர்களுக்குப் பீடத்தின் வாயிலைத் திறக்கலாம். தொழிலைப் பற்றிய அறிவை அது தந்துவிடாது.

வாயில் திறக்காதவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. வெட்டுப்புள்ளியைச் சொற்ப அளவில் தவறவிட்டவர்கள் இரண்டாம், மூன்றாம் தடவைகளும் பரீட்சை எழுதி இளமையின் பெறுமதிமிக்க ஆண்டுகளைத் தனியார் கல்வி நிலையங்களில் கழிக்கின்றனர். வைத்தியராகாவிடின் வாழ்வே தோல்வி என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஊரவரிடமும் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். ஆனால் ஒரு வைத்தியசாலை வைத்தியர்களால் மட்டும் இயங்குவதில்லை. இரத்த மாதிரியைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், மருந்தாளர், கதிர்ப்படப் பிடிப்பாளர், முடங்கிய காலை மீண்டும் நடக்கப் பழக்கும் இயன்மருத்துவர், தாதியர், கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் தேடியழிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என இப்பட்டியல் நீளும். தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றில் பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் பட்டங்களையும் வழங்குகின்றன. இத்தொழில்களை நேரிற் கண்ட மாணவர் அவற்றை இரண்டாந்தரத் தெரிவாகக் கருதமாட்டார்.

பார்த்துப் பழகிக் கற்பது எமது மண்ணுக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் பயிற்றியபோது நோயாளிகளின் அருகிலேயே அவர்கள் கற்றனர். பிற்காலத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் அவர் தமிழாக்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தோன்றுவதற்கு முன்னரே இப்பணி தொடங்கிவிட்டது.

எமக்குக் கோடை விடுமுறை இல்லை. ஆனால் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலாக, மாணவர்கள் காத்திருக்கின்றனர். அக்காலத்தில் ஆதார வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இரு வார அவதானிப்புக்கு ஒழுங்கு செய்யலாம். வைத்திய விடுதியுடன் நின்றுவிடாது ஆய்வுகூடம், மருந்தகம், கிராமியச் சிகிச்சை நிலையம் ஆகியவற்றையும் காண்பிக்க வேண்டும். பாடசாலைகள் மூலம் வெளிப்படையாகத் தெரிவு நடைபெற வேண்டும். அன்றேல் இதுவும் அறிமுகமுள்ளோரின் சலுகையாகிவிடும்.

எல்லைகளும் தெளிவாக இருத்தல் அவசியம். நோயாளி எவருக்கும் காட்சிப் பொருளல்லர். அவரது சம்மதமின்றி மாணவர் அருகில் நிற்றலாகாது. அங்கு கேட்டதை வெளியில் பேசலாகாது. கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கலாகாது. ஊசி ஏற்றுவதோ காயம் கட்டுவதோ மாணவரின் வேலையன்று. ஆளணிப் பற்றாக்குறையால் அல்லலுறும் வைத்தியசாலைகளில் இவர்கள் சம்பளமில்லா ஊழியராக்கப்படவும் கூடாது.

இத்தகைய இரு வாரங்களின் முடிவில் ஒருவர் மருத்துவமே தமது வழியென உறுதிகொள்ளலாம். இன்னொருவர் தமக்கு அது பொருந்தாதென உணரலாம். இரண்டும் நல்ல விளைவுகளே. பொருந்தாதென்பதை 18 வயதில் அறிவது, பீடத்தில் மூன்றாம் ஆண்டில் அறிவதிலும் மேலானது. சுகாதார, கல்வித் திணைக்களங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தம் மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையிலேனும் இம்முயற்சியைத் தொடங்க முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.