சாம்பலுக்கு அஞ்சிய காலம்

அணுகுண்டின் தீக்கும் அதிர்ச்சிக்கும் மட்டுமே அஞ்சியிருந்த உலகம், அதன் சாம்பலுக்கும் அஞ்ச வேண்டும் என்பதை 1954 மார்ச் 1ஆம் தேதி பஸிபிக் சமுத்திரத்தின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைப் பரீட்சை செய்த பிறகே தெளிவாக உணர்ந்தது. ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்கு ஈடான அக்குண்டு, பவளப் பாறையைப் பொடியாக்கி விண்ணில் ஏற்றி, காற்றடித்த திசையில் சுமார் 7,000 சதுர மைல் பரப்பில் கதிரியக்கத் தூசாகப் பொழிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில், நெவாடா பாலைவனத்தில் இரண்டு மரவீடுகளைக் கட்டி, உள்ளே மனித உருவப் பொம்மைகளை வைத்துக் குண்டு வெடித்துப் பார்த்த சர்க்கார், வீடு இடியுமா, நிற்குமா என்பதையே பெரிதும் ஆராய்ந்தது. தூசோ நூற்றுக்கணக்கான மைல் தூரம் செல்வது. அதனால்தான் 1961இல் ஜனாதிபதி கென்னடியின் ஆட்சி, நாடெங்கும் உள்ள பெரிய கட்டடங்களின் நிலவறைகளைக் கணக்கெடுத்து, ஆளுக்குப் பத்துச் சதுர அடி வீதம் ஐம்பது பேருக்குக் குறையாமல் இடமுள்ளவற்றைத் தேர்ந்து, மஞ்சளும் கறுப்புமான அடையாளப் பலகை மாட்டி, கோதுமை பிஸ்கட்டுகளையும் தண்ணீரையும் சேமித்தது. தண்ணீர் வைத்த இரும்புப் பீப்பாய் காலியானதும் அதையே மலத்தொட்டியாக்கிக் கொள்ள வேண்டும் என்பது வரை யோசித்திருந்தார்கள்!

அங்கே பதினான்கு நாள் பதுங்கியிருக்க வேண்டும் என்ற திட்டத்துக்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு உண்டு. வெடித்து ஒரு மணி நேரம் கழித்து அளந்த கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் பத்திலொன்றாகவும், 49 மணி நேரத்தில் நூற்றிலொன்றாகவும், 343 மணி நேரத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்தில், ஆயிரத்திலொன்றாகவும் குறைகிறது. தலைக்கு மேலும் சுற்றிலும் கனத்த மண்ணோ கான்கிரீட்டோ இருந்து, முதல் இரண்டு நாள் கழிந்துவிட்டால், அபாயத்தின் பெரும்பங்கு கழிந்துவிடும். இது மெய்யான விஞ்ஞானம். பிரஜைகளை ஏமாற்றச் சொன்ன பசப்பு வார்த்தை அன்று.

ஆயினும் அந்த இரண்டு நாள்களை நினைக்கும்போதெல்லாம், பிகினிக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவிலுள்ள ரோங்கெலாப் தீவின் ஜனங்கள் என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. குண்டு வெடித்த சில மணி நேரத்தில் வெண்மையான பொடி அவர்கள் கூரையிலும் குடிநீரிலும் விழுந்தது. இன்னதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அடுத்திருந்த ரோங்கெரிக் தீவில் வானிலை நோக்கிய 28 அமெரிக்கர்களை மறுநாளே அழைத்துச் சென்றவர்கள், ரோங்கெலாப் மக்களை மார்ச் 3ஆம் தேதிதான் கப்பலேற்றினார்கள். விஞ்ஞானக் கணக்கின்படி வெளியே நிற்கவே கூடாத நாள்கள் எவையோ, அவற்றை அம்மக்கள் தக்க பாதுகாப்பு ஏதுமின்றியே கழித்தார்கள். வாந்தியும் தோல் வெந்த புண்களும் அவர்களுக்கு வந்தன.

நிலவறையும் பிஸ்கட்டும் பின்னால் வருபவை. வெடிப்பவன், காற்று வீசும் திசையில் வாழ்பவனுக்கு முன்கூட்டிச் சொல்வதே ஜனப் பாதுகாப்பின் முதல் தர்மம். அது அங்கே செய்யப்படவில்லை. 1957இல் அம்மக்களைச் சொந்தத் தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே வாழ்வது ஆபத்தென்று அஞ்சி, 1985இல் அவர்கள் தாமாகவே வெளியேறினார்கள்.