குளியலும் துவையலும் ஓரறையில்

கிணற்றடியில் ஸ்நானம் செய்து, அங்கேயே துவைகல்லில் துணிகளையும் துவைத்து, வழிந்தோடிய ஜலத்தை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் பாயவிட்ட குடும்பங்கள் திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில் ஏராளமாக இருந்தன. ஆகவே குளிப்பதும் துவைப்பதும் ஓரிடத்தில் நடைபெறுவது நமக்குப் புதிய சம்பிரதாயமன்று. நகரத்தில் குளியலறை வீட்டுக்குள் வந்து, துவைகல் கொல்லையிலேயே தங்கிவிட்டபோதுதான் இரண்டும் பிரிந்தன. இன்றோ கொல்லைக்கே இடமில்லாத சிறு மனைகளில் வீடு கட்டுவோர், சலவை இயந்திரத்தை எங்கே வைப்பதென்று திகைக்கிறார்கள். அதைக் குளியலறையில் வைப்பது உசிதம் என்பதும், இடம் மிச்சமாவதைக் காட்டிலும் தண்ணீர் மிச்சமாவதே அதன் பெரும் பிரயோஜனம் என்பதும் என் அபிப்பிராயம்.

திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுப்பதென்றால், தண்ணீர்க் கஷ்டத்தை எண்ணி அயலூரார் தயங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும், பிற்காலத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வாயிலாகவும் வரும் நல்ல தண்ணீர் முறை வைத்தே கிடைக்கிறது. மற்றக் காரியங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். கடினப் பாறைகளினூடே ஊறி வருகையில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்ளும் அந்நீர், தோல் பதனிடும் தொழிலின் கழிவு நெடுங்காலம் கலந்த சுற்றுப்புறங்களில் இன்னும் கெட்டிருக்கிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் படியும்; அந்நீரைச் சூடாக்கினாலோ சுண்ணாம்பு பிரிந்து, கீசரிலும் இயந்திரத்தின் சூடேற்றும் கம்பியிலும் வெள்ளையாய்க் கட்டிக்கொள்ளும். ஆதலால் உப்புத் தண்ணீரில் துவைப்போர் சூடேற்றாமல் துவைப்பதும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரை உபயோகிப்பதும் விவேகம். இரண்டு நீருக்கும் தனித்தனிக் குழாய்கள் ஒரே அறையில் இருந்தால் இது சுலபமாகும்.

குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கு. இயந்திரத்துக்கு அகலத்திலும் ஆழத்திலும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டரும், அதன் முன்னே ஒருவர் குனிந்து நிற்க இடமும் வேண்டுமாகையால், ஐந்தடிக்கு எட்டடி அறை போதுமானது. நீர் தெறிக்கும் பகுதியை உட்புறச் சுவரோரமும், உலர்ந்த பகுதியைக் கதவோரமும் அமைத்து, இயந்திரத்தை உலர்ந்த பகுதியில் சிறு மேடைமீது நிறுத்த வேண்டும். தரையின் வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருந்தால் நீர் தேங்காது. மேல்மாடித் தொட்டி இயந்திரத்தின் குழாய்க்குப் பத்தடியாவது உயரே இருப்பது நலம். அழுத்தம் குறைந்தால் சில இயந்திரங்கள் நீரெடுக்காமல் நின்றுவிடும்.

மின்சாரத்தின் விஷயத்தில் அலட்சியம் பிராணாபாயம். குளியலறைக்குள் சாதாரண செருகிகளை வைக்கக் கண்டிப்பான நியமங்கள் உள்ள பிரிட்டனில், பெரும்பாலோர் இயந்திரத்தைச் சமையலறையில் வைத்துக்கொள்கிறார்கள். நாம் வைப்பதென்றால், செருகி நீர் தெறிக்காத தூரத்தில் மூடியுடன் இருக்கவேண்டும். எர்த் இணைப்பு சரியாக இருக்கவேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அவசியம் பொருத்தப்பட வேண்டும். ஈரக் கையுடன் சுவிட்சைத் தொடலாகாது என்பதைக் குழந்தைகளுக்கும் போதிக்க வேண்டும். காற்றோட்டமான ஜன்னலும் அவசியம். துணிகளை உலர்த்துவதற்கோ மொட்டை மாடி வெயிலே உத்தமம்.

ஜப்பானில் சலவை இயந்திரத்தைக் குளியலறைக்கு அடுத்த உடை மாற்றும் அறையில் வைத்து, குடும்பத்தார் குளித்து மீந்த தொட்டி நீரைச் சிறு பம்பு கொண்டு இயந்திரத்துக்குள் இழுத்துத் துவைக்கும் வழக்கம் உண்டு. தொட்டிக் குளியல் வழக்கமில்லாத நமக்கு அதன் மறுதலையே பொருந்தும்: துவைத்த நீரைக் கழிப்பிடத்துக்கு அனுப்புவது. முன்புறக் கதவுள்ள இயந்திரம் ஒரு தடவைக்குச் சுமார் ஐம்பது லிட்டரும், மேற்புறக் கதவுள்ளது அதைவிட வெகு அதிகமாகவும் செலவழிக்கின்றன. அலசிய நீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால், கழிப்பிடத்துக்குப் பல தடவை ஊற்றவும், தரை கழுவவும் ஆகும். மறுநாளைக்குள் செலவழித்துவிட வேண்டும். தேங்கினால் துர்நாற்றம் எடுக்கும். செடிகளுக்கு விடுவதானால், முதல் சோப்பு நீரை விலக்கி அலசிய நீரை மட்டும் விடுவது மண்ணுக்கு நல்லது.

ஆகவே வீடு கட்ட உத்தேசித்திருக்கும் அன்பர்களே, தளம் போடுமுன்னரே கொத்தனாரையும் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் ஒருங்கே அழைத்து, இரண்டு நீருக்கும் இரண்டு குழாய்களும், அலசிய நீருக்குத் தனிப் போக்கும் கேட்டு வாங்குங்கள். பின்னால் சுவரை உடைத்துப் பதிப்பதைவிட, முதலிலேயே பதித்துவிடுவது செலவில் மிகச் சொற்பம்.