கறுப்பு வெள்ளைப் பூதத்துக்கு என்ன நிறம்?

1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் வரும் பூதத்தின் பிளாஸ்டிக் பொம்மையை 1961இல் அரோரா நிறுவனம் விற்றது. பாகங்களை ஒட்டி, நிறமடிப்பது நம் வேலை. முகத்துக்குப் பச்சை என்பார்கள். ஆனால் படத்தின் ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ், பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃப் முகத்தில் பச்சை கலந்த சாம்பல் பூசியதே திரையில் பிணமாக வெளிறித் தெரியத்தான். நான் சாம்பலில் துளிப் பச்சை கலக்கிறேன். கண்ணடியில் லேசாக ஊதா.

கோட்டுக்குச் சுத்தக் கறுப்பு கூடாது, மடிப்புகள் செத்துவிடும். நெய்வேலிக்காரனுக்குக் கைவசம் வேறு நிறம் உண்டு. எங்கள் பழுப்பு நிலக்கரி ஈரத்தில் கறுத்திருக்கும், காய்ந்தால் பழுப்பாகும். அடியில் ஈர நிறம்; மேலே, தூரிகையைத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் காய்ந்த நிறம். அக்ரிலிக் போதும். முதல் பூச்சு முழுக்கக் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.