சர்வர் காவல் – 6: 256-இல் ஒரு வாய்ப்பு

டெபியன் லினக்ஸில் மரியாடிபி டேட்டாபேஸ் சர்வரை நிறுவி, அது ஓடுகிறதா என்று பார்த்ததோடு போன வாரம் நிறுத்தினோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பயனருக்கு எந்த அளவு உரிமை கொடுப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது 2012 ஜூன் மாதத்து அறிவிப்பு ஒன்று மறுபடி கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அறிவித்தவர் செர்கெய் கோலுப்சிக். அப்போது மரியாடிபியின் பாதுகாப்பு விவகாரங்களைக் கவனித்துவந்தவர். சிவிஇ-2012-2122 என்ற எண்ணில் பதிவான அந்தக் கோளாறு இதுதான்: சில மைஎஸ்க்யூஎல், மரியாடிபி சர்வர்களில் ரூட் என்ற பெயரைக் கொடுத்துத் தப்பான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால், சராசரியாக 256 முறைக்கு ஒரு முறை சர்வர் உள்ளே விட்டுவிடும். பாஸ்வேர்டு எட்டு எழுத்தாக இருந்தாலும் எண்பது எழுத்தாக இருந்தாலும் ஒன்றுதான்.

எப்படி நடந்தது? உள்ளே வர முயலும் ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாக ஒரு குருட்டாம்போக்கு எழுத்துச் சரத்தை அனுப்பும். நம் பக்கத்து நிரல் அதையும் பாஸ்வேர்டையும் கலந்து ஒரு பதில் அனுப்பும். அதிலிருந்து சர்வர் 20 பைட் நீளமுள்ள ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, தன்னிடம் உள்ள 20 பைட்டோடு ஒப்பிடும். ஒப்பிடும் வேலை சி மொழியின் ‘மெம்கம்ப்’ என்ற பழைய செயற்கூறுடையது. இரண்டும் ஒன்றென்றால் அது பூஜ்யம் தரும். வேறென்றால் பூஜ்யமல்லாத ஏதோ ஓர் எண். எந்த எண் என்பதற்கு சி மொழியின் விதிகளில் உத்தரவாதம் இல்லை. மைஎஸ்க்யூஎல் நிரலிலோ, அந்தப் பதில் ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடும் என்று நம்பி, கடைசி எட்டு பிட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 500 ரூபாய் பாக்கியில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளை, 00 என்று எழுதிப் பாக்கியே இல்லை என்று முடித்துவிடுவது போலத்தான். மெம்கம்ப் 256 என்றோ 512 என்றோ சொன்னால், கடைசி எட்டு பிட்டுகள் பூஜ்யம். பூஜ்யம் என்றால் பாஸ்வேர்டு சரி!

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம், அதே நிரல் ஒரு கணினியில் பத்திரமாகவும் இன்னொன்றில் ஓட்டையாகவும் இருந்ததுதான். பைட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் மெம்கம்பில் வித்தியாசம் 255-ஐத் தாண்டாது. எனவே தப்பு பூஜ்யமாக மாற வழியே இல்லை. வேகத்துக்காக எஸ்எஸ்இ கட்டளைகளைக் கொண்டு எழுதப்பட்ட, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் மெம்கம்பில் அந்த வரம்பு இல்லை. ஆரக்கிள் தானே தொகுத்துக் கொடுத்த மைஎஸ்க்யூஎல் தப்பியது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் தப்பியது. 12.04 உட்பட உபுண்டுவின் சில 64-பிட் வெளியீடுகள் மாட்டிக்கொண்டன. மூல நிரலை எத்தனை முறை வரிவரியாகப் படித்தாலும் எந்தக் கணினி தப்பும் என்று தெரிந்திருக்காது. எந்த மெம்கம்போடு சேர்த்துத் தொகுத்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 300 முறை தட்டினால் உள்ளே போக ஏறக்குறைய 69 சதவீத வாய்ப்பு. 1,000 முறை தட்டினால் 98 சதவீதம். முந்நூறு முயற்சிக்கு ஒரு வினாடிகூட ஆகாது என்று கோலுப்சிக்கே எழுதியிருந்தார். ஷெல்லில் ஒற்றை வரி எழுதத் தெரிந்தால் போதும்.

அப்படியானால் அன்றைக்கு யார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்? நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் அல்ல. வெளியாட்கள் தட்டவே முடியாத இடத்தில் சர்வரை வைத்திருந்தவர்கள். இந்தத் தொடர் முழுக்க நான் விடாமல் சொல்லிவரும், மரியாடிபி அழைப்புகளுக்குக் காத்திருக்கும் 3306 என்ற போர்ட்டின் கதை மறுபடி இங்கேதான் வந்து நிற்கிறது.

டெபியனில் மரியாடிபியை நிறுவியதும் ‘50-சர்வர்.சிஎன்எஃப்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ‘பைண்ட்-அட்ரஸ்’ என்ற வரியில் 127.0.0.1 என்று இருக்கும். அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்று அர்த்தம். ‘வெளியிலிருந்து இணைய முடியவில்லை’ என்று யாராவது புலம்பினால், அதை 0.0.0.0 என்று மாற்றச் சொல்லித்தான் முதல் யோசனை வரும். மாற்றிய நிமிடத்திலிருந்து உலகமே தட்டலாம். தெரிந்த அச்சகம் ஒன்றில், வீட்டிலிருந்தும் பில் பார்க்க வேண்டும் என்பதற்காக இப்படித் திறந்து வைத்திருந்தார்கள். பதிவுக் கோப்பைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் ரூட்’ என்ற வரி பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஐபி முகவரி. பைண்ட்-அட்ரஸைப் பழையபடி மாற்றி, வீட்டுக்கு எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக இணைப்பு கொடுத்ததும் அந்த வரிகள் நின்றன. பில்லும் முன்போலவே வீட்டில் தெரிகிறது.

டாக்கரில் டேட்டாபேஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 3306:3306 என்று போர்ட்டை வெளியிட்டால், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் எழுதிய தடையை டாக்கர் தாண்டிப் போய்விடும். 127.0.0.1:3306:3306 என்று எழுதுங்கள்.

போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகர் பதறிக் கேட்டிருந்தார்: ‘சுடோ மரியாடிபி’ என்று அடித்தால் பாஸ்வேர்டே கேட்காமல் ரூட்டாக உள்ளே விடுகிறதே, இது ஆபத்து இல்லையா? இல்லை. யுனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேசுவது யார் என்று லினக்ஸ் கெர்னலே சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. கணினியின் ரூட்டாக இருந்தால்தான் டேட்டாபேஸின் ரூட். 10.4 பதிப்பிலிருந்து மரியாடிபியில் இதுதான் இயல்பு ஏற்பாடு. ஊகிக்கப் பாஸ்வேர்டு இல்லை, மெம்கம்ப் தப்பாக ஒப்பிடவும் ஒன்றுமில்லை. பாஸ்வேர்டைவிட இதையே நான் நம்புவேன்.

‘மரியாடிபி-செக்யூர்-இன்ஸ்டலேஷன்’ நிரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யுனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாறவா என்று அது கேட்கும்போது, ரூட் கணக்குக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது என்று அதுவே சொன்னால், இல்லை என்று பதில் கொடுக்கலாம். பெயரில்லாத பயனர்களை நீக்கவா, ரூட் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கவா, ‘டெஸ்ட்’ டேட்டாபேஸை அழிக்கவா என்ற கேள்விகளுக்கு எல்லாம் ஆமாம்.

பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி சர்வர்களை 2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் துடைத்தெடுத்து, தரவு வேண்டுமானால் 0.2 பிட்காயின் கொடு என்று குறிப்பு வைத்துவிட்டுப் போன கும்பல்களின் கதை தனி அத்தியாயம். பணம் கட்டியும் தரவு திரும்பாதவர்கள் உண்டு. காப்புப்பிரதி பற்றி எழுதும்போது அதை விரிவாகச் சொல்கிறேன்.

பயனர் உரிமைகளும் ‘கிராண்ட்’ கட்டளையும் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் சர்வரில் ‘சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி’ என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 3306 இருக்கும் வரியில் 127.0.0.1 என்று இருந்தால் கவலையில்லை. 0.0.0.0 என்றோ வெறும் நட்சத்திரக் குறியோ இருந்தால் அடுத்த இதழுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மாற்றி, சர்வரை மறுபடி தொடங்கிவிடுங்கள்.