ஒட்டுப்போட்ட துணியில் இழிவு இல்லை

பொங்கல், தீபாவளி நெருங்கும்போது, "வீட்டுல பழைய துணி கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போ" என்று ஊர்த்தெருவிலிருந்து வரும் அழைப்பு நம் தெருவுக்குப் புதிதல்ல. கொடுப்பவர் அதைத் தருமம் என்று நினைத்துக்கொள்கிறார். வாங்குபவருக்கோ அது பல தலைமுறைக் கணக்கு. பண்ணையில் பாடுபட்டவர்களுக்கு நெல்லோடும் பழஞ்சோற்றோடும் சேர்த்துப் பழந்துணியும் கூலியாகவே அளக்கப்பட்டது.

இன்று நகரத்துக் கடைகளில் பழைய சேலையில் தைத்த பைகளும், ஒட்டுத்துணிப் போர்வைகளும் நல்ல விலைக்குப் போகின்றன. இந்த வேலையை நம் பெண்களும் செய்யலாமே என்று கிராமங்களில் பேசப் போனால், "பழசக் கட்டிக் கட்டித்தானே இத்தன காலம் கெடந்தோம், மறுபடியும் பழசா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் தையல் பயிற்சி மட்டும் நடத்துவதில் பொருளில்லை.

துணியில் எழுதிய சாதி

மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம், சண்டாளர்கள் இறந்தவர்களின் துணியையே உடுத்த வேண்டும் என்கிறது. அதே அத்தியாயம், பணி செய்யும் சூத்திரருக்கு எஞ்சிய சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. பழந்துணி என்பது வறுமையின் விளைவாக மட்டும் நம்மிடம் வந்ததல்ல. அது விதியாக எழுதி வைக்கப்பட்டது.

ஏட்டில் மட்டும் இருந்ததா என்றால் இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது 8 தடைகளை விதித்தார்கள். அதில் 3 தடைகள் நேரடியாக உடையைப் பற்றியவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ கோட்டோ போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே தடைகள் 11 ஆயின. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். நம் தாத்தா பாட்டிகளின் காலத்தில் நடந்தது இது.

நமக்குள்ளேயும் பார்க்க வேண்டியது உண்டு. ஒடுக்கப்பட்டோரின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் மக்களை, பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கிய கொடுமையும் இந்த மண்ணில் நடந்தது. தீட்டுத்துணி, பிரசவத்துணி, இழவுத்துணி எல்லாம் அவர்கள் கைக்கே போயின. கூலியாகக் கிடைத்தது தானியமும் சோறும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் அந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது. துணியின் பெயரால் நடந்த இழிவைப் பேசும்போது, அந்த மக்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

மகாத்தில் சொன்னது

1927 டிசம்பர் 25 அன்று மகாராட்டிரத்தின் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டை ஒட்டி அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடைமுறையையும், கனத்த மலிவு நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மற்றப் பெண்களைப் போலவே சேலை உடுத்தச் சொன்னார். உடை முழுக்க ஒட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்பது அவர் சொன்னவற்றில் முக்கியமானது. எதை உடுத்துவது என்ற உங்கள் உரிமையில் யாரும் கை வைக்க முடியாது என்பதும் அந்தப் பேச்சின் கருத்து.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செத்தவர் துணியைக் கட்டு என்ற நூலை எரித்த அதே நாட்களில், ஒட்டுப்போட்ட துணி கேவலமில்லை என்றும் அவர் சொல்கிறார். அடுத்தவர் நம்மீது திணித்த துணி வேறு. நம் துணியை நாமே தைத்துச் சீர்செய்து உடுத்துவது வேறு. முன்னது அடிமைக் குறி. பின்னது உழைப்பு. பழசு, புதுசு என்பதல்ல கேள்வி. யார் கொடுத்தது, எந்த நிபந்தனையில் வந்தது, முடிவெடுத்தது யார் என்பதே கேள்வி.

அலபாமாவின் போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் 'ஜீஸ் பெண்ட்' என்ற கிராமம் இருக்கிறது. பெட்வே என்பவரின் பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அடிமைகளுக்கு எசமானின் குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டதால், இன்றும் அங்கே பலருக்குப் பெயர் பெட்வேதான். குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேறு வழியின்றி, அங்கிருந்த பெண்கள் கிழிந்த வேலைச் சட்டைகள், முழங்கால் தேய்ந்த கால்சட்டைகள், மாவுச் சாக்குகள் ஆகியவற்றை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் அவருடைய வேலைத் துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காக. இறந்தவர் துணிதான் அதுவும். யாரும் விதித்து உடுத்தியதல்ல, அன்பினால் தைத்தது.

1960களில் குடியுரிமைப் போராட்டம் வந்தது. வாக்காளராகப் பதிவு செய்யப் போனவர்களில் பலர் குடியிருந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நகருக்குப் போகும் படகுப் போக்குவரத்து 1962இல் நிறுத்தப்பட்டது. அந்தச் சூழலில்தான் 1966இல் அப்பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். விடுதலைப் போர்வைச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களைப் போல மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன. ஆனால் புகழ் வந்த அளவுக்குப் பணம் தங்களுக்கு வரவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் 2007இல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கைவேலை நம்முடையதாக இருந்தாலும் கணக்குப் புத்தகம் வேறொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

நம் கையில் இருக்கும் வேலை

இந்தத் திறமை நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பழஞ்சேலையில் பிள்ளைக்குத் தூளி கட்டியவர்கள், கிழிந்த துண்டில் சும்மாடு சுற்றியவர்கள், மூன்று சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அதற்குச் சந்தையில் நிற்கும் நேர்த்தியைச் சேர்ப்பதே இப்போது தேவை. பயிற்சி தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலில் துணியைத் தேர்வு செய்வது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடத்தை வெட்டி எறியுங்கள். சேலையில் உட்காரும் பகுதியும் கீழ்க்கரையும் முதலில் நையும். கொசுவத்துக்கு உள்ளே போகும் தலைப்பு கெட்டியாக இருக்கும். சட்டையில் காலரும் முழங்கையும் நையும். முதுகுப் பகுதி நன்றாக இருக்கும். நைந்த காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால் சட்டை இன்னும் சில காலம் ஓடும்.

அடுத்து ஒட்டுப் போடுவது. ஒட்டுத்துணி கிழிசலைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்க வேண்டும். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். இழை ஓடும் திசை இரண்டு துணியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்டுக்குப் புதுத்துணி போடுவதானால் முதலில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் வெளுப்பிலேயே சுருங்கி இழுக்கும். நூலும் துணிக்கு ஏற்ற மெல்லிய பருத்தி நூலாக இருக்கட்டும். துணியைவிட நூல் வலுவாக இருந்தால் நூலே துணியை அறுத்துவிடும்.

பள்ளிச் சீருடையைச் சின்னதாகிவிட்டது என்று வீசிவிட வேண்டாம். கால்சட்டையின் ஒரு காலே ஒரு நல்ல பை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில் துணிப்பைக்குத் தேவை இருக்கவே செய்கிறது.

மாணவர்களுக்கு ஒன்று. தையல் பெண்கள் வேலை என்று பையன்கள் ஒதுங்கக் கூடாது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாம். காசு வரும்போது ஆண் வேலை, வீட்டில் செய்தால் பெண் வேலை என்பது என்ன நியாயம்? பொத்தான் தைக்கவும் ஒட்டுப் போடவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ஒட்டுப்போட்ட சீருடையோடு வரும் பிள்ளையைக் கேலி செய்தால், அந்த இடத்திலேயே தட்டிக் கேட்கவும் தெரிய வேண்டும்.

கூலியைக் கணக்கில் எழுதுங்கள்

நம் பெண்கள் பை தைத்து விற்கும்போது செய்யும் தவறு, துணி சும்மா கிடைத்தது என்பதற்காக உழைப்பையும் சும்மா கொடுப்பது. ஒரு நாள் கூலி 400 ரூபாய், 8 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய். ஒரு பை தைக்க 40 நிமிடம் ஆனால் கூலி மட்டும் 33 ரூபாய். நூல், இயந்திரத் தேய்மானம், சந்தைக்குப் போய்வரும் பஸ் செலவு தனி. அதை 20 ரூபாய்க்குக் கொடுத்தால் நம் கையிலிருந்து காசு போகிறது என்று அர்த்தம். கையால் தைக்கும் ஒரு பெரிய போர்வைக்கு 60 மணி நேரம் ஆனால், கூலியே 3,000 ரூபாய். மொத்தமாக வாங்க வருபவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். ஒப்பந்தத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

தையல் இயந்திரத்துக்கு அரசு வழி உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சமூக நலத் துறையின்கீழ் நடக்கிறது. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கானது. தையல் தெரியும் என்பதற்கான சான்று வேண்டும். வயது, வருமான வரம்பு, படிவம் பற்றிய விவரங்களை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். தொழில் கடனுக்குத் தாட்கோ அலுவலகத்தை அணுகலாம். அந்த அம்மையார் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து தமிழக அமைச்சராக இருந்தவர். தம் மக்களுக்கு உரிய நியாயம் கிடைக்கவில்லை என்று 1974இல் பதவியையும் கட்சியையும் விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். 1979இல் மத்திய அமைச்சரும் ஆனார்.

இனி அந்தப் பெண்களின் கேள்விக்கு வருவோம். மறுபடியும் பழசா? நம் வீட்டுப் பழசு என்றால், ஆம், தாராளமாக. வெளியிலிருந்து துணி தேவைப்பட்டால், கொடுத்தார்கள் என்று வாங்காமல், எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குவோம். பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி தெருத்தெருவாக அதைத்தானே செய்கிறார்? அவரை யாரும் தருமம் வாங்கியவர் என்று சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய துணி கச்சாப் பொருள். அதற்குப் பிறகு ஊர்த்தெருவில் யாருக்கும் நன்றிக்கடனும் இல்லை, கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டிய கடமையும் இல்லை. மகளிர் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதி வைக்கலாம்: இலவசப் பழந்துணி வாங்குவதில்லை, விலைக்கு மட்டும்.